மிருதங்கத்தின் தொப்பி தெளிவாகக் கேட்கும் வரை: மாடி அறையில் ஸ்பீக்கர் அமைத்த பதிவு

எங்கள் வீட்டு மாடி அறை 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். சிமெண்ட் பூசிய செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, தரையில் வழவழவென்று டைல்ஸ். ஒரு கதவு, இரண்டு ஜன்னல், ஓர் இரும்பு பீரோ, ஒரு மின்விசிறி. திருச்சியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இப்படிப்பட்ட மாடி அறை நாலு வீட்டில் இருக்கும். பாட்டு கேட்பதற்கு இதைவிட முரட்டு அறை கிடைப்பது கஷ்டம். ஒலி எங்கே பட்டாலும் அப்படியே திரும்பி வரும், உறிஞ்சிக்கொள்ள உள்ளே எதுவும் கிடையாது.

ஸ்பீக்கர்கள் நடுத்தரமானவை. ஆழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர், கீச்சொலிக்கு ஒரு அங்குல ட்வீட்டர், பின்புறம் காற்றுத்துளை உள்ள சின்னப் பெட்டிகள். சுமார் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு வரை இறங்கும். ஆம்ப்ளிஃபையரும் பழையதுதான், ஆனால் குறை சொல்ல எதுவும் இல்லை. இவற்றில் ஒன்றையும் மாற்றாமல், வைக்கும் இடத்தையும் அறையையும் மட்டும் சரிசெய்து எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்ப்பதுதான் நான் எடுத்துக்கொண்ட வேலை. ஆடியோ பிரியர்கள் பலர் பெட்டியை மாற்றுவதிலேயே பணத்தைக் கரைக்கிறார்கள். பெட்டியை இரண்டடி நகர்த்துவதால் வரும் மாற்றம், விலையை இரண்டு மடங்காக்கினாலும் வராது. இதை நான் உறுதியாகவே நம்புகிறேன்.

குறை என்ன என்பதைத் துல்லியமாகச் சொன்னவர் என் மாமா. மிருதங்கம் வாசிப்பவர். ஒரு கச்சேரிப் பதிவில், தாள வாத்தியம் மட்டும் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "தொப்பியில எங்க அடிச்சாலும் ஒரே பூம்தான்டா வருது. கும்கி ஏறுறதும் இறங்குறதும் காணோம்" என்றார். தொப்பி என்பது மிருதங்கத்தின் இடது பக்கத் தோல்.

அறையைச் சோதிக்க மிருதங்கத்தைவிட நல்ல வாத்தியம் இல்லை என்பது அன்றிலிருந்து என் கருத்து. வலது பக்கத் தோலான வலந்தலையில் கருப்பு மருந்து பூசியிருப்பதால், அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் அதன் மேல்சுரங்கள் தந்தி வாத்தியத்தைப் போல ஒழுங்கான மடங்குகளில் அமைகின்றன. சி.வி. ராமன் 1920லேயே 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆகவே வலந்தலையில் ஸ்ருதி தெளிவாகத் தெரியும். தொப்பியில் ரவை பிசைந்து ஒட்டுவதால் அது ஆழமாகப் பேசும். கும்கி என்பது இடது உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தோலை அழுத்தித் தேய்த்து அந்த ஆழ்ந்த ஒலியை வழுக்கிக்கொண்டே மேலே கொண்டுபோவது. அறை ஏதோ ஒரு அதிர்வெண்ணை மட்டும் ஊதிப் பெரிதாக்கினால் வழுக்கல் மறைந்துவிடும், அந்த ஒரு இடம் மட்டும் முழங்கும். மாமா கேட்டது அதைத்தான்.

சரி, அறை எந்த அதிர்வெண்களை ஊதுகிறது? இது பள்ளிக்கூட இயற்பியல்தான். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி போய்த் திரும்பும்போது, அலைநீளத்தில் பாதி அந்த இடைவெளிக்குக் கச்சிதமாகப் பொருந்தினால் நிலை அலை உண்டாகும்: சில இடங்களில் அந்த ஒலி எப்போதும் உரக்க நிற்கும், சில இடங்களில் இல்லாமலே போகும். 20 டிகிரி வெப்பத்தில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று புத்தகங்களில் இருக்கும். திருச்சியில் 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால் சுமார் 349. இந்த வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 14 அடி என்பது 4.27 மீட்டர், ஆக 41 ஹெர்ட்ஸ். 11 அடி அகலத்துக்கு 52. 10 அடி உயரத்துக்கு 57. இவற்றின் மடங்குகளும் உண்டு: நீளத்துக்கு 82, அகலத்துக்கு 104, உயரத்துக்கு 114. நான்கு சுவர்களையும் தொட்டுச் சுற்றிவரும் அலை 66ல் விழுகிறது.

காகிதத்தில் போட்ட கணக்கைக் காதால் கேட்டுப் பார்ப்பது ரொம்ப முக்கியம். ஒரு ஸ்பீக்கரை மட்டும் மூலையில் தரையில் வைத்து, ஃபோனில், கேட்ட அதிர்வெண்ணை மட்டும் ஒலிக்கும் டோன் ஜெனரேட்டர் ஆப்பைத் திறந்து 66 ஹெர்ட்ஸை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு அறைக்குள் நடந்தேன். நான்கு மூலைகளிலும் காது நிறைந்தது. அறையின் நடுவில் நின்றால் ஸ்பீக்கர் அணைந்துவிட்டதோ என்று தோன்றியது. அங்கிருந்து மூலையைப் பார்த்து ரெண்டு எட்டு வைத்தால் மறுபடி நெஞ்சில் வந்து முட்டியது. ஸ்பீக்கரும் அதேதான், சத்தத்தின் அளவும் அதேதான். நின்ற இடம் மட்டும் வேறு.

இதோடு இன்னொரு விஷயமும் புரிந்தது. 1 கட்டை ஸ்ருதியில் பாடும் ஆண் குரலுக்குச் சேர்க்கும் தம்புராவில் நான்காவது தந்தியான மந்தர ஸட்ஜத்தின் அடிப்படை அதிர்வு 65 ஹெர்ட்ஸ் சொச்சம். அறையின் 66க்குக் கிட்டத்தட்ட மேலேயே அது உட்கார்ந்திருக்கிறது. முன்பு என் நாற்காலி மூலையோரமாக, பின்சுவரை ஒட்டி இருந்தது. சில கச்சேரிகளில் மட்டும் தம்புராவின் நான்காவது தந்தி தூக்கலாகவும், ஒன்றரைக் கட்டை, ஐந்து கட்டைக் கச்சேரிகளில் சாதாரணமாகவும் கேட்டதன் காரணம் அதுதான்.

ஆகவே முதலில் நகர்த்த வேண்டியது நாற்காலியை. ஸ்பீக்கரை அல்ல.

சுவரை ஒட்டி உட்கார்ந்தால் எல்லா நிலை அலைகளும் அங்கே உச்சத்தில் இருக்கும், பாஸ் என்கிற ஆழ்ந்த ஒலி வீங்கும். நீளவாட்டில் சரி பாதியில் உட்கார்ந்தால் முதல் அலையும் மூன்றாவது அலையும் அங்கே இல்லாமலே போய்விடும், சத்தம் சூம்பிவிடும். ஸ்டுடியோ அமைப்பவர்கள் அறையின் நீளத்தில் 38 சதவீதம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அது வேதம் இல்லை, தேட ஆரம்பிக்க ஓர் இடம். எனக்கு அது பின்சுவரிலிருந்து 5 அடி 4 அங்குலம். அங்கிருந்து அரை அடி முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டுப் பார்த்து, கடைசியில் அந்த இடத்திலேயே வைத்தேன். அகலவாட்டில் சரியாக நடுவே. உட்காருவது ஈசிச்சேர். முதுகுத் துணி தோளோடு நின்றுவிடுவதால் காதுக்குப் பின்னால் எதுவும் மறைப்பதில்லை. உயரமான முதுகுள்ள சோபா என்றால் காதை ஒட்டியே ஒரு சுவர் வைத்த மாதிரி ஆகிவிடும்.

அப்புறம்தான் ஸ்பீக்கர். முன்பு அவை ஷோகேஸ் மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருந்தன. ஸ்பீக்கரிலிருந்து கிளம்பும் கீழ்ஸ்தாயி ஒலி முன்னால் மட்டும் போவதில்லை, பின்னாலும் சுற்றிப் போகும். போய், ஸ்பீக்கர்களின் முதுகுப் பக்கம் இருக்கும் முன்சுவரில் பட்டுத் திரும்பி வந்து, நேரடியாக வரும் ஒலியோடு கலக்கும். சுவருக்கும் ஸ்பீக்கர் முகத்துக்கும் உள்ள தூரம் அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும் அதிர்வெண்ணில் இரண்டும் எதிரும் புதிருமாக மோதி ஒன்றையொன்று தின்றுவிடும். ஓரடிக்கு அது சுமார் 286 ஹெர்ட்ஸ். 1 கட்டைப் பாடகரின் மேல் ஸட்ஜம் 262. அதாவது குரல் நிமிர்ந்து நிற்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளம். மூன்றடி தள்ளி வைத்தால் பள்ளம் 95 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. பள்ளம் ஒழிந்துவிடவில்லை, ஆனால் குரலை விட்டு விலகிவிட்டது. எனக்கு அது போதும். அங்குலம் அங்குலமாக முன்னால் இழுத்துக்கொண்டு வந்தபோது, பாடகரின் குரலில் நெஞ்சுப் பகுதி வந்து சேர்ந்ததைக் கேட்க முடிந்தது.

பக்கச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. அகலத்தின் இரண்டாவது அலை, அதாவது 104 ஹெர்ட்ஸ், அறையின் நடுவில் உச்சத்தில் இருக்கும். அங்கேதான் நான் உட்கார்கிறேன். ஆனால் அதே அலை அகலத்தின் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் சூனியமாக இருக்கும். சூனியமான இடத்தில் ஸ்பீக்கரை வைத்தால் அந்த அலையைக் கிளப்பிவிட முடியாது. 11 அடியில் கால் பங்கு 2 அடி 9 அங்குலம். இரண்டு பக்கமும் அந்த அளவு விட்டு வைத்தேன். ஸ்பீக்கர்களுக்கு இடையே 5 அடி 6 அங்குலம் கிடைத்தது. முன்சுவரிலிருந்து மூன்றடி என்பதும் நீளத்தின் கால் பங்கான மூன்றரை அடிக்குப் பக்கம்தான், அதனால் 82 ஹெர்ட்ஸும் அடங்கியது. மூன்றரையே வைத்திருக்கலாம், கதவைத் திறந்து உள்ளே வர வழி வேண்டுமே.

நாற்காலியும் இரண்டு ஸ்பீக்கர்களும் சமபக்க முக்கோணமாக, 60 டிகிரி கோணத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. என் அளவுகளில் 52 டிகிரி வருகிறது. கச்சேரி மேடை ஒரு பிடி குறுகலான மாதிரி கேட்கிறது, அவ்வளவுதான். கோணத்தைவிட முக்கியம், காதிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருப்பது. டேப் வைத்து அளந்தால் நடுவில் தொய்யும். கொத்தனார் பயன்படுத்தும் நூலை நாற்காலியில் காது இருக்கும் இடத்தில் கட்டி, ஒரு ட்வீட்டர் வரை இழுத்து முடிச்சுப் போட்டு, அதே நூலை அடுத்த ஸ்பீக்கருக்குக் கொண்டுபோனேன். அரை அங்குலத்துக்குள் சரியாக வந்ததும் டைல்ஸ் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்தேன். பெருக்கித் துடைக்கும்போது நகர்ந்தாலும் பழைய இடத்தில் வைத்துவிடலாம்.

ஸ்பீக்கரை எவ்வளவு உள்பக்கம் திருப்புவது என்பதைக் காதால்தான் முடிவு செய்ய வேண்டும். இதற்குப் பழைய மோனோ பதிவுகள் மிக நல்லவை. மோனோவில் இரண்டு பக்கமும் ஒரே ஒலி வருவதால் பாடகர் நட்டநடுவில், ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். குரல் அகன்று பரந்து தெரிந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே திருப்பலாம். ட்வீட்டர்கள் நோக்கும் கோடுகள் என் தலைக்குச் சற்றுப் பின்னால் சந்திக்கும்படி வைத்தபோது குரல் ஒரு இடத்தில் நின்றது. அதற்கு மேல் திருப்பினால் வயலின் கூசியது.

இதற்கெல்லாம் முன்பே ஒயர்களின் பிளஸ், மைனஸ் சரிதானா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் மோனோ குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி மிதக்கும், பாஸ் காணாமல் போகும். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒயரைக் கழற்றி, சுவர்க் கடிகார பேட்டரியை ஒரு கணம் தொட்டால் போதும். சிவப்பு முனையில் பிளஸ் படும்போது வூஃபர் வெளியே தள்ள வேண்டும். ஒயரைப் பற்றிப் பெரிய பேச்சு வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் ஆறு மீட்டர் ஓடினால், போக வர மின்தடை 0.1 ஓம் அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றும் இல்லை. எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கியதே இன்றுவரை ஓடுகிறது.

ஸ்டாண்ட் செய்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதில் எனக்கு அவ்வளவு ஆனந்தம். ஈசிச்சேரில் சாய்ந்தால் என் காது தரையிலிருந்து 34 அங்குலம். ஸ்பீக்கரில் ட்வீட்டர் அடியிலிருந்து 11 அங்குலத்தில் இருக்கிறது. ஆகவே ஸ்டாண்ட் 23 அங்குலம். கடையில் கிடைக்கும் ஸ்டாண்டுகள் சோபாவில் நிமிர்ந்து உட்காருபவர்களுக்காகச் செய்தவை. தரையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு இன்னும் தாழ்வாக வேண்டியிருக்கும். அவரவர் காதை அளந்து செய்துகொள்வதே நல்லது.

வெல்டிங் பட்டறைக்குப் போய் மூன்று அங்குலச் சதுரக் குழாய் கேட்டேன். அங்கிருந்த தம்பி, "அண்ணே, ஸ்பீக்கர் வைக்கவா இவ்ளோ கனம்? ஒன்றரை இன்ச் போதுமே" என்றான்.

"உள்ள மணல் ரொப்பப் போறேன் தம்பி. மேல் தகட்டை மட்டும் வெல்டு வைக்காம, ஸ்க்ரூ போட்டுக் கழட்டுற மாதிரி வைங்க."

"மணலா?" என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, குழாயைச் சுத்தியால் தட்டினான். டங்ங்ங் என்று மணி மாதிரி நீண்டது. "ஓ, இதுக்கா" என்று அவனே சொல்லிவிட்டான். இரும்போடு பழகியவர்களுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.

ஆற்று மணலைச் சல்லடையில் சலித்து, இரும்புச் சட்டியில் போட்டு மொட்டை மாடியில் விறகு அடுப்பு வைத்து வறுத்தேன். ஆவி அடங்கி, கரண்டியில் மணல் ஒட்டாமல் உதிரும் வரை வறுக்க வேண்டும். ஈரம் இருந்தால் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். நன்றாக ஆறியதும் புனல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, மரச்சுத்தியால் குழாயின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே வந்தேன். தட்டத் தட்ட மணல் இறங்கும், மறுபடி கொட்டலாம். நிரம்ப நிரம்ப டங் என்ற ஓசை குறுகிக்கொண்டே வந்து, கடைசியில் தேங்காய் மூட்டையைத் தட்டினாற்போல் 'தட்' என்று நின்றது. அடியில் ஓரடிக்கு ஓரடி கடப்பா கல். அதன் கீழே நான்கு ரப்பர் புஷ். மேல் தகட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மெல்லிய ரப்பர் ஷீட். குழந்தைகள் ஓடிவந்து இடித்தாலும் அசையாது.

இதுவரை செய்ததில் பாஸ் பாதிக்கு மேல் சரியாகிவிட்டது. ஆனால் கைதட்டினால் அறை 'ட்ரிங்' என்று தகரம் மாதிரி பதில் சொன்னது. இரண்டு வெற்றுச் சுவர்களுக்கு இடையே ஒலி பந்தாடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கணக்கை உலகுக்குக் கொடுத்தவர் வாலஸ் சபைன். 1895ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் விரிவுரை மண்டபத்தில் பேசுவது ஒன்றும் புரியவில்லை, சரிசெய்து தாருங்கள் என்று அந்த இளம் பேராசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் இரவு நேரங்களில் பக்கத்து அரங்கத்தின் இருக்கை மெத்தைகளை அள்ளிக்கொண்டு வந்து போட்டு, ஆர்கன் குழாய் ஊதி, ஓசை தேய்ந்து மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். விடியும் முன் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவாராம். அதில் பிறந்த சூத்திரம் இன்றும் அப்படியே பயன்படுகிறது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்கம் எத்தனை நொடி என்று வரும்.

என் அறை சுமார் 44 கன மீட்டர். முழுக்க வெறுமையாக இருந்தால், சிமெண்டும் டைல்ஸும் உறிஞ்சுவது அற்பம் என்பதால், முழக்கம் 3 நொடியைத் தொடும். பாட்டுக் கேட்க 0.4, 0.5 நொடி நல்லது. 0.4 வேண்டுமென்றால் சுமார் 18 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு தேவை. ஒரு திரைச்சீலையும் ஒரு ஜமுக்காளமும் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள். பவானி ஜமுக்காளம் எனக்கு மிகவும் பிடித்தது, நாற்காலிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அதைத்தான் விரித்திருக்கிறேன், அடியில் தென்னை நார் விரிப்போடு. ஆனால் மெல்லிய துணி தாளத்தின் கிணுகிணுப்பைத்தான் உறிஞ்சும், தொப்பியை ஒன்றும் செய்யாது. சுவர் முழுக்கத் திரை தொங்கவிட்டால் மேல்ஸ்தாயி செத்துப்போய், கீழ்ஸ்தாயி மட்டும் முழங்கும். தடிமன்தான் வேலை செய்யும், துணியின் பரப்பு அல்ல.

ஆகவே ராக் வூல், பாறையை உருக்கி இழையாக்கிச் செய்த பஞ்சு. ஏசி குழாய், பாய்லர் வேலைக்குப் பொருள் விற்கும் கடைகளில் இரண்டு அங்குல ஸ்லாப் கிடைக்கும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி போதும். இரண்டு ஸ்லாபை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நான்கு அங்குலமாக்கி, ரீப்பர் கட்டையில் நாலுக்கு ரெண்டடி சட்டம் அடித்து, காடாத் துணி போர்த்தினேன். மொத்தம் எட்டுப் பலகைகள். துணி தேர்ந்தெடுக்கும்போது வாயை வைத்து ஊதிப் பார்க்க வேண்டும். மூச்சு தாராளமாக அந்தப் பக்கம் போனால் ஒலியும் போகும். ரெக்ஸின் மாதிரி வழவழப்பானது கூடாது. ராக் வூலைக் கையாளும்போது முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் தொடவே வேண்டாம். வேலை முடிந்ததும் நேராகக் குளிக்கப் போய்விடுங்கள். சுவரில் மாட்டும்போது இரண்டு அங்குலம் இடைவெளி விட்டால், அதே பலகை இன்னும் கீழே இறங்கி வேலை செய்யும். இந்த அளவில் 200, 250 ஹெர்ட்ஸிலிருந்து நல்ல பலன்.

எங்கே மாட்டுவது என்பதற்குக் கண்ணாடி வித்தை. நான் ஈசிச்சேரில் உட்கார்ந்தேன், மகள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போனாள். "அப்பா, தெரியுதா? இப்ப?" ட்வீட்டர் கண்ணாடியில் தெரிந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. ஒலி முதன்முதலில் அந்த இடத்தில் பட்டுத்தான் என் காதுக்கு வருகிறது, நேர் ஒலிக்கு 3 மில்லி செகண்ட் பின்னால். அவ்வளவு சின்ன இடைவெளியைக் காது தனி எதிரொலியாகப் பிரிக்காது, மூல ஒலியோடு சேர்த்துப் பூசிவிடும். பாடகரின் இடம் கலங்குவது அதனால்தான். இரண்டு பக்கச் சுவரிலும் ஒவ்வொன்று, பின்சுவரில் மூன்று, ஸ்பீக்கர்களுக்கு நடுவே முன்சுவரில் ஒன்று, மிச்சம் இரண்டும் முன்மூலைகளில் குறுக்காக. பின்மூலைகளில் வீட்டில் கிடந்த பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி, கயிறு கட்டி நிற்க வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை மாடியில் வெயிலில் காயப்போட வேண்டும், அது ஒன்றுதான் வேலை.

கைதட்டலுக்கு இப்போது அறை பதில் சொல்வதில்லை.

அடுத்தது, அதிரும் பொருள்கள். மறுபடி டோன் ஜெனரேட்டர். 40 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால் அறையில் உள்ள ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது குரல் கொடுக்கும். இரும்பு பீரோவின் கதவு 70 ஹெர்ட்ஸை ஒட்டி 'ஜர்ர்' என்றது. கதவின் உட்பக்கம் சைக்கிள் ட்யூபை நறுக்கி ஒட்டினேன். ஜன்னல் கொக்கிக்கும் அதே ட்யூப். சாமி படத்தின் பின்னால் நான்கு மூலையிலும் ஃபெல்ட் துணுக்கு. ட்யூப்லைட் பட்டியின் மூடியை இறுக்கினேன். ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். பாதி நேரம் கிழிந்தது மாதிரிக் கேட்பது பீரோதான்.

ஆம்ப்ளிஃபையரிலிருந்து மெல்லிய 'ம்ம்' என்ற உறுமல் ஒன்றும் இருந்தது. செட்டாப் பாக்ஸை இணைத்தால் வரும், அதன் கேபிளைக் கழற்றினால் நிற்கும். டிவி கேபிள் வழியாக இன்னொரு எர்த் வந்து சுற்று உண்டாவதுதான் காரணம். பாட்டு கேட்கும் அமைப்பிலிருந்து அந்தப் பாக்ஸைப் பிரித்துவிட்டேன். உறுமல் நிற்க வேண்டும் என்பதற்காக ப்ளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. உயிருக்கு ஆபத்து, செய்யவே கூடாது.

கடைசியாக அளவீடு. அறையின் ஒலியை அளக்கும் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அளவுத்திருத்தக் கோப்போடு வரும் யுஎஸ்பி மைக் ஒன்றை வாங்கி, ஈசிச்சேரில் என் காது இருக்கும் இடத்தில் நிறுத்தி, மின்விசிறியை அணைத்துவிட்டு அளந்தேன். முழக்கம் நடுப்பகுதியில் அரை நொடி. 95 ஹெர்ட்ஸில் எதிர்பார்த்த பள்ளம். 82ம் 104ம் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கியிருந்தன. 57 ஹெர்ட்ஸில் மட்டும் 8 டெசிபல் உயரத்துக்கு ஒரு குன்று.

அது தரைக்கும் கூரைக்கும் இடையிலான அலை. ஸ்பீக்கரையும் நாற்காலியையும் தரையில் எங்கே நகர்த்தினாலும் உயரம் மாறுவதில்லை, ஆகவே குன்றும் மாறுவதில்லை. இந்த ஒரு இடத்துக்குத்தான், வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் கூட்டவோ குறைக்கவோ உதவும் ஈக்வலைசர் வேண்டியிருந்தது. பாட்டு ஓடும் கணினியில் 57 ஹெர்ட்ஸில் 7 டெசிபல் குறைப்பு, குறுகலான ஒரே வடிகட்டி. 95ல் இருந்த பள்ளத்தை ஈக்வலைசரால் தூர்க்க முயலக் கூடாது. 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும், நேர் ஒலியோடு சேர்ந்து சுவரில் பட்டு வருவதும் ஏறும், மோதல் அப்படியே இருக்கும். ஷ்ரோடர் என்ற ஜெர்மன் இயற்பியலாளரின் கணக்குப்படி என் அறையில் சுமார் 214 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் தனித்தனி நிலை அலைகளின் ஆட்சி. அதற்கு மேலே ஈக்வலைசரைத் தொடவில்லை. அங்கே ஸ்பீக்கர் செய்தவரின் காதை நம்புவதே சரி.

மாமாவைக் கூப்பிட்டு அதே தனி ஆவர்த்தனத்தைப் போட்டேன். ஒன்றும் பேசாமல் கேட்டார். மிஸ்ர நடை வந்ததும் தொடையில் இடது கை தானாக ஓடியது. "இப்பத்தான்டா இவன் மணிக்கட்டு தெரியுது. கும்கியில எங்க ஆரம்பிச்சு எங்க விடுறான்னு கேக்குது" என்றவர், கூடவே, "வலந்தலைச் சாப்புல இன்னும் லேசா ஒரு பளபளப்பு இருக்கு, பாரு" என்றும் சொன்னார்.

அவர் சொன்னது சரிதான், அது கூரை. கண்ணாடி வித்தையைக் கூரையில் செய்தால் ட்வீட்டர் தெரியும் இடத்துக்குப் பக்கத்திலேயே மின்விசிறியின் இறக்கை சுற்றுகிறது. அங்கே பலகை தொங்கவிட வேண்டுமென்றால் விசிறியைப் பின்னால் தள்ளிப் புதிதாகக் கொக்கி போட வேண்டும், தளத்தில் துளை போட வேண்டும். மழைக்காலம் முடிந்த பிறகுதான் அதில் கைவைப்பேன். அதுவரை விசிறியை ஒன்றில் வைத்துக் கேட்கிறேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் துளை போட முடியாது என்று விட்டுவிட வேண்டாம். நாற்காலியைச் சுவரிலிருந்து பிரிப்பது, ஸ்பீக்கரை அகலத்தின் கால் பங்கில் வைப்பது, முன்சுவரிலிருந்து வெளியே இழுப்பது, நூல் பிடிப்பது, இவற்றுக்கு ஒரு ஆணிகூட வேண்டாம். பலகைகளுக்கு அடியில் கால் வைத்துத் தரையிலேயே நிற்க வைக்கலாம், கேட்டு முடித்ததும் கட்டிலுக்குப் பின்னால் நகர்த்திவிடலாம். பெட்டிகளை மூன்றடி வெளியே வைக்க இடமில்லை என்றால் எதிர்வழியில் போங்கள்: பின்னால் காற்றுத்துளை இல்லாத ஸ்பீக்கரைச் சுவரோடு முழுக்க ஒட்டிவிட்டால் பள்ளம் மேலே, பலகையால் உறிஞ்சக்கூடிய பகுதிக்குப் போய்விடும், கூடும் பாஸை ஈக்வலைசரில் குறைத்துக்கொள்ளலாம். ஓரடி, ஒன்றரை அடி என்று நடுவாந்தரமாக நிறுத்துவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.